சோடி சேர்த்த மீன்கள் ஏன் சண்டை பிடிக்கின்றன? வன்னித் தண்ணீரில் குள்ளச் சிக்லிட் வளர்ப்பு

சிக்லிட் குடும்பத்தில் ஏறத்தாழ 10 சென்றிமீற்றருக்கு மேல் வளராத மீன்களைக் குள்ளச் சிக்லிட் என்று மீன் வளர்ப்பவர்கள் அழைக்கிறார்கள். தென்னமெரிக்காவின் ராம், அப்பிஸ்டோகிரம்மா, மேற்கு ஆபிரிக்காவின் கிரிபென்சிஸ் ஆகியவை இவற்றுள் பேர்பெற்றவை. நிறத்துக்காகவும், முட்டையையும் குஞ்சையும் தாய் தகப்பனாகக் காக்கும் குணத்துக்காகவும் இவற்றை ஆசையோடு வாங்குவார்கள். ஆனால் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இரண்டு அடித் தொட்டியில் விட்டுச் சில கிழமைகள் போனால், ஒன்று நடுத்தொட்டியில் நிமிர்ந்து நீந்தும். மற்றது செட்டை கிழிந்து, நிறம் மங்கி, பில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். சோடி என்று வாங்கியவை எதிரியாகிப் போவது எப்படி, அதைத் தடுப்பது எப்படி என்பதே இந்தப் பதிவின் பொருள்.

சிக்லிட் குடும்பம் வன்னிக்குப் புதியதல்ல. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் வவுனிக்குளத்திலும் வலையில் படும் திலாப்பியா, ஊர்ப்பேச்சில் யப்பான் மீன், ஒரு சிக்லிட்தான். அதில் முதல் வந்த இனம் 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. குளம் வற்றும் மாதங்களில் கரையோரச் சேற்றில் தட்டம் தட்டமாகக் குழிகள் தெரியும். அவை ஆண் திலாப்பியா முட்டைக்காகத் தோண்டிய கூடுகள். ஒரு குழிக்கு ஓர் ஆண் காவல். பக்கத்துக் குழிக்காரன் எல்லை தாண்டினால் துரத்தல்தான். தொட்டிக்குள் நடக்கும் சண்டையின் மூலம் இந்தக் குழியில் இருக்கிறது.

இயற்கையாகவே இலங்கையில் வாழும் சிக்லிட்கள் இரண்டு. ஒன்று கேரளத்தார் கரிமீன் என்னும் பச்சைக் குரோமைட். மற்றது 8 சென்றிமீற்றர் அளவோடு நின்றுவிடும் ஆரஞ்சுக் குரோமைட். இரண்டும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவானவை. உவர்நீர்க் களப்பிலும் நன்னீரிலும் வாழ்பவை. சோடி மீன்களின் சண்டையைப் பற்றி விஞ்ஞானம் தெரிந்துகொண்டதில் முக்கியமான ஒரு பகுதி இந்த ஆரஞ்சுக் குரோமைட்டிடமிருந்தே வந்தது. அதைக் கீழே பார்க்கலாம்.

சண்டையின் வேர்

முட்டையைத் தண்ணீரில் சிதறவிட்டுப் போகும் மீனுக்கு நிலம் தேவையில்லை. குள்ளச் சிக்லிட் அப்படியல்ல. முட்டையை ஒரு கல்லிலோ குகையின் கூரையிலோ ஒட்டிவைத்து, விசிறி, காவல் நின்று வளர்க்கும். காவல் நிற்பதற்கு எல்லை வேண்டும். எல்லை இருந்தால் அதை மீறுபவனும் இருப்பான். ஆகவே மூர்க்கம் இந்த மீன்களின் கெட்ட குணம் அல்ல. பிள்ளை காக்கும் குணத்தின் மறுபக்கம் அது.

சோடி என்ற சொல்லும் எல்லா இனத்துக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. கிரிபென்சிஸ் உண்மையாகச் சோடி சேரும். பெண்ணே வயிற்றின் ஊதாச் சிவப்பைக் காட்டி ஆணை அழைக்கும்; இரண்டும் சேர்ந்து குகையையும் குஞ்சையும் காக்கும். ராம் தட்டையான கல்லில் முட்டையிட்டு இரண்டுமாகக் காக்கும். ஆனால் கடையில் கிடைக்கும் பண்ணை ராம்களில் அந்தப் பிணைப்பு பல வேளை ஒரு முட்டையிடலோடு தளர்ந்துவிடுகிறது. அப்பிஸ்டோகிரம்மாவில் பெரும்பாலான இனங்களில் ஓர் ஆணின் எல்லைக்குள் பல பெண்கள் தனித்தனிக் குகை வைத்திருப்பார்கள். அங்கே ஆணுக்கு ஒரே ஒரு பெண்ணைக் கொடுத்துச் சின்னத் தொட்டியில் அடைப்பது, பல பெண்களுக்குப் பகிர வேண்டிய துரத்தலை ஒருத்தியின் மேல் சுமத்துவதாகும்.

இன்னொரு காரணம் கண்ணாடி. ஓடையில் தோற்ற மீன் சில நொடிகளில் இலைச்சருகுக்குள் மறைந்துவிடும். வென்றது திரும்பிப் போய்விடும். சண்டை அதோடு முடிந்தது. தொட்டியில் தோற்ற மீன் செட்டையை மடக்கிப் பணிவைக் காட்டினாலும் அங்கேயேதான் நிற்க வேண்டியிருக்கிறது. வென்ற மீனின் கண்ணுக்கு அது இன்னும் போகாத எதிரி. அதனால் அரை நிமிடத்தில் தீர வேண்டிய பகை நாள் முழுக்க நீள்கிறது.

விளையாட்டா, வதையா?

எல்லாத் துரத்தலும் ஆபத்தல்ல. சோடி சேருமுன் மீன்கள் ஒன்றையொன்று அளந்து பார்க்கும். பக்கவாட்டில் நின்று செட்டைகளை விரிக்கும். வாலை அடித்துத் தண்ணீரை மற்றதன் உடலில் மோதவிடும். செவுள் மூடியை விரிக்கும். சில வேளை வாயை வாயால் பிடித்து இழுக்கும். இரண்டும் மாறி மாறிச் செய்தால், இரண்டின் நிறமும் தெளிவாக இருந்தால், அது அறிமுகம்.

ஒன்று மட்டும் துரத்தி மற்றது மட்டும் ஓடினால் அது வதை. ஓடும் மீனிடம் அடையாளங்களைத் தேட வேண்டும். செட்டை உடலோடு ஒட்டியிருக்கும். நிறம் வெளிறும் அல்லது கறுக்கும். மேல் மூலையிலோ பில்டர் குழாயின் பின்னோ தலை சாய்த்து நிற்கும். செவுள் வேகமாக அடிக்கும். தீன் போட்டாலும் வெளியே வராது. இந்த நிலையில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஓமோன் உடலில் தொடர்ந்து உயர்ந்து நிற்கும்; நோய் எதிர்ப்பு குறையும்; வெண்புள்ளி நோய் பற்றும். ஒரு காயமும் இல்லாமலே மீன் செத்துக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே எத்தனை தரம் கடித்தது என்பதைவிட, துரத்தப்பட்ட மீன் தீன் தின்கிறதா என்பதே நல்ல அளவுகோல்.

ஆரஞ்சுக் குரோமைட் கற்றுத்தந்தது

1973இல் நோபல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ், மூர்க்கம் பற்றி 1963இல் எழுதிய நூலில் இந்த மீனைக் குறிப்பிடுகிறார். பல மீன்களோடு ஒரே தொட்டியில் ஒற்றுமையாக இருந்த சோடியை வைத்துக்கொண்டு மற்ற மீன்களை அகற்றினால், ஆண் தன் பெண்ணையே தாக்கத் தொடங்கும். அதற்கு அவர் சொன்ன வழி, தொட்டியைக் கண்ணாடியால் இரண்டாகப் பிரித்துப் பக்கத்துக்கொரு சோடியை வைப்பது. ஆணும் பெண்ணும் தங்கள் கோபத்தைக் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அயலவரிடம் காட்டி, தங்களுக்குள் இணங்கி வாழும். அந்தக் கண்ணாடியில் பாசி படிந்து மங்கத் தொடங்கினால், அதை முதலில் அறிவிப்பது பெண்ணிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்கும் ஆண்தான். பாசியைத் துடைத்துவிட்டால் அயலவரோடு சண்டை திரும்பும். வீட்டுக்குள் அமைதி வரும்.

ஆன் ராசா என்ற ஆய்வாளர் 1969இல் ஆரஞ்சுக் குரோமைட்டையே கொண்டு இதைச் சோதித்தார். அயல் மீன்களைக் காணாமல் தனித்து அடைக்கப்பட்ட சோடிகளுக்குள் சண்டை கூடியது, இனப்பெருக்கமும் பாதிக்கப்பட்டது. மூர்க்கம் என்பது குடத்தில் தண்ணீர் நிறைவதுபோல் உள்ளே சேர்ந்து வழியும் என்ற லோரென்சின் விளக்கத்தைப் பின்வந்த பலர் ஏற்கவில்லை. விளக்கம் மாறலாம், கண்டது மாறவில்லை. தனித்து அடைக்கப்பட்ட சோடி பல வேளை தன்னையே தின்னும்.

இலங்கைக் களப்புகளில் இரண்டு குரோமைட்களையும் ஜாக் வார்ட், ரிச்சர்ட் வைமன் ஆகிய இருவரும் 1970களில் ஆராய்ந்தார்கள். அங்கே ஆரஞ்சுக் குரோமைட் பச்சைக் குரோமைட்டின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவாக்குகிறது. அதே மீன் பச்சைக் குரோமைட்டின் முட்டையைத் தின்னவும் பார்க்கிறது. களப்பில் ஒரு சோடிக்கு அயலவர் உண்டு, கள்வர் உண்டு, கூட்டம் உண்டு. காவலுக்கு எப்போதும் வேலை உண்டு. தொட்டியில் அந்த வேலை இல்லாமல் போகும்போது காவல் பெண்ணின் பக்கம் திரும்புகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளிது. குள்ளச் சிக்லிட் சோடியோடு, மேல்தட்டில் நீந்தும் வேகமான சிறு மீன் கூட்டமொன்று இருக்க வேண்டும். வன்னியின் கிணற்றுத் தண்ணீருக்கு ஆறேழு கப்பி பொருந்தும். அவை அச்சமின்றி நீந்துவதைக் கண்டு சிக்லிட்டும் ஒளியாமல் வெளியே வரும். எல்லைக்குள் கீழே இறங்கும் கப்பியை ஆணும் பெண்ணும் சேர்ந்து விரட்டும். ஒரே பகைவனை விரட்டும் சோடி ஒன்றாக நிற்கும். அயல்மீன் பலியாகக் கூடாது என்பதால் மேல்தட்டில் அதற்குத் தாராளமாக இடம் வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரும் வெயிலும்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியைப் பார்த்தால் வெள்ளைப் படிவு தெரியும். உலர்வலயக் கிணறுகளின் வன்னீர் விட்டுப்போன கல்சியம் அது. ராமின் சொந்த இடமான ஒரினோகோ ஆற்றுச் சமவெளியின் தண்ணீரோ மென்னீர், சற்று அமிலமானது. ஆகவே வன்னீரில் ராமை வைப்பவர் மழைநீர் சேர்க்காமல் சமாளிப்பது கடினம். மாரி மழையின் தொடக்கத்தில் கூரையைக் கழுவி வரும் தண்ணீரை விட்டுவிட்டுப் பிறகு பெய்வதைச் சேமித்து, கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். அந்த வசதி இல்லாதவர் கிரிபென்சிஸையோ, அப்பிஸ்டோகிரம்மாக்களில் தாங்கும் தன்மை கூடிய ககட்டுவோய்டஸ் இனத்தையோ தேர்ந்தெடுப்பது நல்லது. எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது ஆரஞ்சுக் குரோமைட். வன்னீரும் உவரும் அதற்குப் பழக்கப்பட்டவை.

தண்ணீர் பொருந்தாத மீன் ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கிறது. அதன் மேல் துரத்தலும் சேர்ந்தால் தாங்காது. இங்கே கழிவும் மிஞ்சிய தீனும் விடும் அமோனியாவைத் தனியே கவனிக்க வேண்டும். தண்ணீரின் பிஎச் ஓர் அலகு ஏறினால் நச்சான அமோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் கூடுகிறது. மென்னீரில் மீன் பொறுத்துக்கொள்ளும் அழுக்கு, காரத் தன்மையுள்ள வன்னிக் கிணற்று நீரில் செவுளை எரித்துவிடும். மிஞ்சிய தீனை அன்றே எடுத்துவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் மாற்றுவதிலும் அளவு வேண்டும். சிக்லிட்கள் மணத்தாலும் ஒன்றையொன்று அறிகின்றன. ஆண் யப்பான் மீன் தன் பலத்தைச் சிறுநீரின் மணத்தால் அறிவிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே நேரத்தில் பாதித் தொட்டியை மாற்றினால் அந்த மணமும் போய்விடும். யார் பெரியவர் என்ற கேள்வி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பிரேசிலில் ஏஞ்சல் மீன்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றும், குறைவாகத் தண்ணீர் மாற்றினால் சண்டையில் ஏற்படும் பாதிப்பும் குறைவு என்று கண்டது. கிழமைக்கு ஒரு தரம் காற்பங்கு போதும். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துக் குளோரின் போனபின் ஊற்ற வேண்டும்.

சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் தொட்டி 32 பாகை செல்சியசைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. மீனின் உடலோ கூடுதலாகக் கேட்கும். மூடியைத் திறந்து வலை போட்டு, சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஐஸ் போத்தலைப் போட்டுச் சட்டென்று குளிர்விப்பது இன்னொரு அதிர்ச்சி; அதைத் தவிர்க்க வேண்டும். 2022இல் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. பற்றரியில் ஓடும் ஒரு சிறிய காற்றுப் பம்பி கையில் இருப்பது எப்போதும் நல்லது.

வெப்பத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. அப்பிஸ்டோகிரம்மாக் குஞ்சுகளின் பாலை வெப்பமும் மாற்றுகிறது என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. 29 பாகையளவில் வளரும் குஞ்சுகளில் ஆண்கள் மிகும். 23 பாகையில் பெண்கள் மிகும். வன்னி வெயிலில் வீட்டிலேயே பெருக்கினால் ஆண்கள் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஆண்கள் கூடினால் சண்டையும் கூடும்.

தொட்டியை அடுக்கும் முறை

அடித்தளத்தில் வாழும் மீனுக்கு உயரம் பயன் தராது, பரப்புத்தான் வீடு. 60 சென்றிமீற்றர் நீளமும் 30 அகலமும் உள்ள இரண்டு அடித் தொட்டி ஒரு சோடி ராமுக்கோ ககட்டுவோய்டசுக்கோ ஆகக் குறைந்த அளவு. கிரிபென்சிசுக்கும் ஆரஞ்சுக் குரோமைட்டுக்கும் மூன்று அடி வேண்டும்.

குகைக்குக் கடையில் காசு கொடுக்கத் தேவையில்லை. அரைத் தேங்காய்ச் சிரட்டை போதும். உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயை முழுதாகச் சுரண்டி, வெளித்தும்பை நீக்கி, சாயம் இறங்கிக் குறையும்வரை இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றி அவிக்க வேண்டும். பிறகு விளிம்பில் அரத்தால் ஒரு வாசல் வெட்ட வேண்டும். அந்த வாசலின் அளவில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. அப்பிஸ்டோகிரம்மாவில் ஆண் பெண்ணைவிடப் பெரியது. பெண் நுழையவும் ஆணின் தோள் தட்டி நிற்கவுமாக வாசலைச் சிறிதாக வெட்டினால், துரத்தப்படும் பெண்ணுக்கு அது கோட்டை. கிரிபென்சிசுக்கு இரண்டும் உள்ளே போக வேண்டும் என்பதால் வாசல் சற்றுப் பெரிதாக இருக்கலாம்.

ஒரு பெண்ணுக்கு ஒரு சிரட்டை என்று கணக்கிடக் கூடாது. இரண்டேனும் வைக்க வேண்டும். வாசல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் திருப்பி, இடையில் கல்லோ மரவேரோ வைக்க வேண்டும். தொட்டியின் ஒரு முனையில் நிற்கும் மீனுக்கு மறுமுனை தெரியாதவாறு அடுக்குவதே குறிக்கோள். கண்ணில் படாததை மீன் துரத்தாது. நடுவில் அடர்த்தியாகக் கிரிப்டோகொரைன் நட்டால் நல்ல திரை. அதில் வெண்ட்டியை போன்ற இனங்கள் இலங்கைக்கே உரியவை. மேலே மிதக்கும் பாசி வெளிச்சத்தைக் குறைக்கும். காய்ந்த நாட்டு வாதுமை இலைகள் அடியில் ஒளிப்பிடமாகும்.

சோடி சேர்த்தல்

கடையில் ஒரே பையில் போட்டுத் தரும் ஆணும் பெண்ணும் சோடியல்ல. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவ்வளவுதான். நம்பத்தக்க முறை, 6 இளங்குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து அவையே தேர்ந்தெடுக்கவிடுவது. இரண்டு மீன்கள் ஒரு மூலையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கினால் சோடி சேர்ந்துவிட்டது. அப்போது மற்றவற்றைப் பிரித்துவிடலாம். அப்பிஸ்டோகிரம்மாவுக்கு இடம் இருந்தால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்பது சோடியைவிட நல்லது. அதற்கு மூன்று அடித் தொட்டியும் பெண்ணுக்கொரு மூலையும் வேண்டும்.

வளர்ந்த மீன்களைச் சேர்ப்பதானால் அவசரம் கூடாது. பெண்ணை முதலில் விட்டு இடத்தைப் பழகவிட வேண்டும். பிறகு கண்ணாடித் துண்டாலோ துளையிட்ட பிளாஸ்ரிக் தட்டாலோ தொட்டியைப் பிரித்து மறுபக்கம் ஆணை விட வேண்டும். ஒரு கிழமை பார்க்கட்டும். தடுப்புக்கு இருபுறமும் பக்கம் பக்கமாக நின்று நிறம் காட்டினால் தடுப்பை எடுக்கலாம். ஆண் மோதிக்கொண்டும் பெண் தூர விலகிக்கொண்டும் இருந்தால் இன்னும் காலம் ஆகவில்லை. பெண் முட்டைக்கு ஆயத்தமாகாத நேரத்தில் ஆயத்தமான ஆணோடு அடைபடுவதுதான் பெரும்பாலான மரணங்களின் தொடக்கம்.

தீனையும் ஒரே இடத்தில் போடக்கூடாது. இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் போட்டால் காவல்காரன் இரண்டையும் காக்க முடியாது. நுளம்புக் குடம்பி நல்ல தீன்தான். ஆனால் டெங்கு பரவும் நாட்டில் அதை வளவில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். பொரிக்க வைத்த ஆர்ட்டீமியாவும் நறுக்கிய மண்புழுவும் அந்த இடத்தை நிரப்பும்.

முட்டை வந்த பின்

முட்டையிட்டதும் நிலைமை தலைகீழாகலாம். அதுவரை ஓடிய அப்பிஸ்டோகிரம்மாப் பெண் பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புமாக மாறி, தன்னைவிடப் பெரிய ஆணையே விரட்டுவாள். சின்னத் தொட்டியில் இப்போது ஒதுங்கி நிற்பது ஆண். அவனை வேறு தொட்டிக்கு மாற்றிவிடலாம். பெண் தனியாகவே குஞ்சுகளை நடத்திச் செல்வாள். கிரிபென்சிசிலும் ஆரஞ்சுக் குரோமைட்டிலும் அப்படிப் பிரிக்கக் கூடாது. இரண்டுக்கும் வேலை உண்டு. ஆரஞ்சுக் குரோமைட்டின் குஞ்சுகள் தாய் தகப்பனின் உடலில் உரசி அதன் சளியைக் கொத்தித் தின்று வளர்பவை.

இந்த நாட்களில் கல்லை நகர்த்துவது, தொட்டிக்குள் கை விடுவது, விளக்கைச் சட்டென்று அணைப்பது எல்லாம் தீங்கு. பயந்த பெற்றோர் முட்டையைத் தின்னும்; பிறகு ஒன்றையொன்று தாக்கும். முதல் இரண்டு மூன்று முட்டையிடல்கள் வீணாவது வழமை. இளஞ்சோடிக்குப் பழக்கம் வேண்டும். வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும்.

சண்டை முற்றினால்

துரத்தப்பட்ட மீன் ஒரு நாள் முழுக்கத் தீன் தின்னாவிட்டால் காத்திருக்க வேண்டாம். தடுப்பைப் போட வேண்டும். அடக்கி ஆண்ட மீனை வெளியே எடுத்து, கல்லையும் சிரட்டையையும் இடம் மாற்றி அடுக்கி, மெலிந்த மீன் தேறிய பின் மற்றதைத் திரும்ப விட்டுப் பார்க்கலாம். பழைய எல்லை அழிந்திருப்பதால் இரண்டும் புதிதாகத் தொடங்கும். கிழிந்த செட்டை சுத்தமான தண்ணீரில் மருந்தில்லாமலே வளரும். இரண்டு முறை இப்படிச் செய்தும் அடங்காவிட்டால் அந்த இரண்டும் சேராதவை என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பிரித்த மீனை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு விடை மட்டும் கூடாது: குளத்தில் விடுவது. வளர்ப்புத் தொட்டியிலிருந்து வெளியேறிய கத்தி மீனும் தொட்டி துப்புரவாக்கும் மீனும் இலங்கையின் ஆறு குளங்களில் பெருகி, மீன்பிடிப்பவர்களுக்கும் உள்ளூர் மீன்களுக்கும் தொல்லையாகிவிட்டன. வன்னியின் குளங்களை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. வேண்டாத மீனைக் கடைக்கோ இன்னொரு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள். புதிய சோடி வாங்குமுன், பிரித்து வைக்க இரண்டாவது தொட்டி ஒன்று வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அந்தத் தொட்டியை வாங்குங்கள். மீனைப் பிறகு வாங்கலாம்.